கிட்னி போன நாய்க்கு எது நல்லது: ஆஸ்பத்திரியா, வீட்டு டிரிப்பா, கடைசி ஊசியா?

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 6 என்று ரிப்போர்ட் வந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது வாக்குவாதம். மகன் உடனே அட்மிட் செய்யலாம் என்பான். அப்பா, "வயசாயிடுச்சு, ஏன் போட்டுக் குத்திக் குத்தி வதைக்கணும்" என்பார். அம்மா ஒன்றும் சொல்லாமல் நாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். மூவருக்கும் அதன் மேல் உயிர். அதனால்தான் ஒருவர் சொல்வதை மற்றவரால் ஏற்க முடிவதில்லை.

எங்கள் வீட்டு பிரவுனிக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்று தெரிந்தபோது நாங்களும் இதையெல்லாம் பேசித்தான் தீர்த்தோம். எங்கள் முன்னால் இருந்தவை நான்கு வழிகள். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றுவது, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வது. வீட்டிலேயே வைத்து சாப்பாடு, மாத்திரை, தோலுக்கடியில் டிரிப் என்று பார்த்துக்கொள்வது. டாக்டரை வைத்து ஊசி போட்டு வழியனுப்புவது. அப்புறம், எதையும் செய்யாமல் "அதுவா போகட்டும்" என்று விட்டுவிடுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் நம் ஊரில் நிறைய பேர் பாவமில்லாத, மென்மையான வழி என்று நம்புகிறார்கள். சிறுநீரக நோயில் நாய்க்கு அதிக வேதனை தரும் வழி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

திடீரென்று வந்ததா, நாள்பட்டதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நான்கு வழிகளையும் எடைபோடவே முடியாது. கிரியாட்டினின் அளவு இரண்டு நாய்களுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று மூன்று வாரத்தில் எழுந்து ஓடும், இன்னொன்றுக்கு அந்த வாய்ப்பே இருக்காது.

திடீர்ப் பாதிப்புக்கு நம் ஊரில் காரணங்கள் ஏராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரை நக்கி வரும் எலிக் காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். கண்ணாடி விரியன் கடி. திராட்சை, உலர்ந்த திராட்சை சாப்பிட்டது. கால் வலிக்கிறதே என்று பாவப்பட்டு வீட்டில் இருந்த டைக்ளோபினாக் அல்லது ஐபுபுரூபன் மாத்திரையைக் கொடுத்தது. முந்தின வாரம் வரை நன்றாகச் சாப்பிட்டு, வாசலில் குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்து படுத்துவிட்டால் இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நாள்பட்ட நோய் சத்தமில்லாமல் வரும். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும். ராத்திரியில் வெளியே விடச் சொல்லி எழுப்பும். வெயில் காலம், அதனால் குடிக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பிறகு மெலிவு, வாயில் ஒரு கெட்ட வாடை, வெளுத்த ஈறு. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும் என்பதால், ரிப்போர்ட்டில் தெரியும்போது நோய் ஏற்கெனவே பழையதாகியிருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்து போன நாய்களுக்கு இது பின்னாளில் வருவதுண்டு. ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கி, ஓரம் கரடுமுரடாகத் தெரிந்தால் அது நாள்பட்டது. சாதாரண அளவிலோ வீங்கியோ இருந்தால் திடீர்ப் பாதிப்பு என்று சந்தேகிக்கலாம். நாள்பட்ட நோயின் மேல் புதிதாக ஒரு தொற்றும் சேர்ந்து வருவதுண்டு. அதனால் ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாமல் ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்பத்திரி வழி

திடீர்ப் பாதிப்பு என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம். கையில் காசு இருக்கும் வரை, இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையை நம்பியாவது, முழு முயற்சி எடுக்கத் தகுந்த நோய் இது. ரத்தக் குழாய் வழியாக இரவு பகலாக டிரிப், எலிக் காய்ச்சல் என்றால் அதற்கான ஆன்டிபயாடிக், சிறுநீர் எவ்வளவு வருகிறது என்ற கணக்கு. இதெல்லாம் வீட்டில் முடியாது. டிரிப்புக்கும் சிறுநீர் இறங்காவிட்டால் டயாலிசிஸ். கழுத்து ரத்தக் குழாயில் டியூப் போட்டு, சில மணி நேரம் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரித்துத் திருப்பி அனுப்புவார்கள். டயாலிசிஸ் சிறுநீரகத்தைக் குணப்படுத்தாது. சிறுநீரகம் தானாகத் தேறுவதற்கு இரண்டு மூன்று வார அவகாசம் வாங்கித் தரும். தேறக்கூடிய சிறுநீரகத்துக்கு அந்த அவகாசம் உயிருக்குச் சமம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய நம்பிக்கை வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. நாய்களுக்கு டயாலிசிஸ் வசதி அங்கே உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரி மருத்துவமனைகள் அந்தந்தப் பகுதிக்காரர்களுக்குப் பக்கம். பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கூட்டமும் காத்திருப்பும் இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் ஸ்கேன், ரத்தம், சிறப்பு மருத்துவர் எல்லாம் கிடைக்கும், செலவும் தனியாரைவிடக் குறைவு. ஒரு எச்சரிக்கை: எலிக் காய்ச்சல் மனிதர்களுக்கும் தொற்றும். நாயின் சிறுநீரைக் கையுறை போடாமல் துடைக்காதீர்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

நாள்பட்ட நோய்க்கு ஆஸ்பத்திரி வேறு மாதிரி. வாந்தி, சோர்வு என்று ஒரு நெருக்கடி வரும்போது சில நாள் சேர்த்து டிரிப் ஏற்றுவது நியாயம். அதில் கிரியாட்டினின் இறங்கி, நாய் சாப்பிடத் தொடங்கினால் வீட்டுக்குக் கூட்டி வரலாம். ஆனால் நாள்பட்ட நோய்க்கு டயாலிசிஸ் என்றால் அது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கடைசி வரை. மனிதர்கள் அதைத் தாங்குகிறார்கள் என்றால், எதற்காகத் தாங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்ற எண்ணம் அவர்களைத் தூக்கி நிறுத்தும். நாய்க்கு இன்றைய நாள் மட்டும்தான். அந்த நாளில் பாதி ஆட்டோவிலும் எஃகு மேஜையிலும் போனால், மீதியில் என்ன இருக்கும்? நாள்பட்ட நோய்க்கு டயாலிசிஸ் வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

நாயை ஆஸ்பத்திரியில் விட்டு வர வேண்டியிருந்தால் நீங்கள் உடுத்திய லுங்கியையோ துப்பட்டாவையோ துவைக்காமல் அதன் கூண்டில் போட்டுவிட்டு வாருங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸ் என்பவரின் குழு, எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் மயக்கம் இல்லாமல் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கி, பல வாசனைகளை முகரச் செய்து பார்த்தது. மூளையில் இன்பத்தை எதிர்பார்க்கும் பகுதி அதிகமாகத் தூண்டப்பட்டது, தனக்குப் பழகிய மனிதரின் வாசனைக்குத்தான். அந்த மனிதர் அப்போது அந்த அறையில்கூட இல்லை.

வீட்டு வழி

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள பெரும்பாலான நாய்களுக்குச் சரியான வழி இது. பலன் எவ்வளவு என்பது எந்தக் கட்டத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. மருத்துவர்கள் இந்த நோயை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள். கிரியாட்டினின் 2.9 முதல் 5 வரை மூன்றாம் கட்டம், 5-ஐத் தாண்டினால் நான்காம் கட்டம். இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் நல்ல கவனிப்போடு ஒரு வருடத்தை ஒட்டி, அதற்கு மேலும் நாய்கள் இருக்கின்றன. நான்காம் கட்டத்தில் பேச்சு பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். இந்தக் கணக்கை டிரிப் ஏற்றி நாய் நீர்ச்சத்தோடு இருக்கும்போது எடுத்த அளவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வாந்தி எடுத்து வறண்டு கிடக்கும்போது வந்த முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடையாதீர்கள்.

மருந்துக் கடையில் வாங்கும் எதையும்விட சமையலறைக்கு இதில் பங்கு அதிகம். 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள நாய்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு பாஸ்பரஸும் புரதமும் உப்பும் குறைத்த சிறுநீரக உணவும், மறுபிரிவுக்கு வழக்கமான உணவும் கொடுத்தார்கள். முதல் பிரிவின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டிய காலம், 594 நாள், இரண்டாவதற்கு 188. ஒரு சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் அவ்வளவு பெரியது.

நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் எலும்பு, ஈரல், கருவாடு, முட்டை மஞ்சள் கரு, உப்பு பிஸ்கட் எல்லாம் நிற்க வேண்டும். சோறு, முட்டையின் வெள்ளை, கொஞ்சம் எலும்பில்லாத கோழி, மேலே எண்ணெயோ நெய்யோ என்று போகலாம். ஆனால் இதை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் வேறு சத்துகள் குறையும், அதனால் டாக்டரிடம் அளவும் சேர்க்க வேண்டிய வைட்டமினும் கேட்டு எழுதி வாங்குங்கள். பாக்கெட்டில் வரும் சிறுநீரக உணவு இந்தக் கவலையைக் குறைக்கும், விலை கூடுதல். வாந்தி நிற்காத நாளில் புது உணவைத் தொடங்க வேண்டாம். அந்தக் குமட்டலை அந்த உணவோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு பிறகு அதைத் தொடவே மாட்டேன் என்றுவிடும். முதலில் வாந்திக்கு மருந்து, நாய் கொஞ்சம் தேறியதும் உணவு மாற்றம், அதுவும் பழைய சாப்பாட்டில் சிறிது சிறிதாகக் கலந்து.

வீட்டுக்குள் சிறுநீர் போகிறதே என்று ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாததால்தான் அது அவ்வளவு குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் விடிவதற்குள் உடம்பு வறண்டுவிடும். பழைய போர்வைகளை விரித்துப் போடுங்கள், துவைத்துக்கொள்ளலாம்.

தோலுக்கடியில் டிரிப் ஏற்றுவதைக் கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள். இரண்டு தோள்களுக்கு நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, ஊசியைச் செருகி, பாட்டிலை உயரத்தில் மாட்டினால் திரவம் இறங்கும். முதுகில் ஒரு வீக்கம் தெரியும், அது மெல்ல காலை நோக்கி இறங்கி, சில மணி நேரத்தில் உடம்பில் சேர்ந்துவிடும். ரிங்கர் லாக்டேட் பாட்டில்தான் வழக்கம். குளுக்கோஸ் பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. இதய நோய் உள்ள நாய்க்கு அளவு மீறினால் ஆபத்து, அதனால் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது டாக்டர் சொல்வதுதான். எங்கள் வீட்டில் அம்மா பாட்டிலை வெந்நீர் வாளியில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டுத் தருவார், அது உள்ளே இறங்கும்போது பிரவுனி குளிரில் நடுங்காமல் படுத்திருந்தது. தம்பிதான் ஊசி போடுவான். நான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருப்பேன். நோய் எங்களிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டது, ஆனால் அந்த மாலை நேரங்களையும் தந்தது. அதற்கு முன்பு நாங்கள் மூவரும் ஒன்றாக அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்ததே கிடையாது.

இந்த வழியின் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேரி பெத் ஸ்பிட்ஸ்னாகல் என்ற உளவியலாளர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தீராத நோயுள்ள செல்லப் பிராணியைப் பார்த்துக்கொள்பவர்களிடம் மனச்சுமையும் பதற்றமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. படுத்த படுக்கையான பெற்றோரைப் பார்ப்பவர்களுக்கு வரும் அதே வகைச் சுமை. நம் வீடுகளில் இது பெரும்பாலும் ஒரே ஆள் தலையில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அவர் வாய் திறந்து முடியவில்லை என்று சொல்ல மாட்டார், சொன்னால் நாயின் மேல் பாசம் இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம். வீட்டு வழியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைக்கே வேலையைப் பங்கு போடுங்கள். தனியாக இருப்பவர், வேலைக்குப் போகிறவர், பக்கத்து கிளினிக்கில் காசு கொடுத்து டிரிப் போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

"அதுவா போகட்டும்" என்பதும் ஊசியும்

முதுமையில் தூக்கத்திலேயே போய்விடும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுகிறோம். இதய நோயில் சில நாய்களுக்கு அப்படி நடக்கிறது. சிறுநீரக நோயில் அது அபூர்வம். கழிவு ரத்தத்தில் தங்கத் தங்க ஓயாத குமட்டல், நாக்கிலும் ஈறிலும் புண், வயிற்றில் புண், தசைத் துடிப்பு, கடைசியில் வலிப்பு. தண்ணீரைப் பார்த்தால் குடிக்க வேண்டும், குடித்தால் வாந்தி. இது நாள்கணக்கில் நீளும். நாய்கள் வலியை வெளியே காட்டுவது குறைவு என்பதால் அமைதியாகப் படுத்திருப்பதாக நமக்குத் தோன்றும். மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நாய் அமைதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதனால்தான் நான்கு வழிகளில் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

உயிரை எடுக்க நாம் யார் என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேட்பவரை யாரும் மடக்க வேண்டாம். அகிம்சையையே வாழ்க்கையாகக் கொண்ட காந்தி 1928-ல் இதே கேள்வியின் முன் நின்றார். சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் துடித்துக்கொண்டிருந்தது. ஊசி போட்டு அதன் உயிரை முடிக்க அவர் ஒப்புக்கொண்டார். கோபக் கடிதங்கள் குவிந்தன. வேறு எந்த வகையிலும் துன்பத்தைக் குறைக்க முடியாதபோது அதைச் செய்வதும் அகிம்சைதான் என்று தன் பத்திரிகையில் பதில் எழுதினார். அவர் சொன்னார் என்பதற்காக நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முடிவை எடுக்கிறவர்கள் ஈரமில்லாதவர்கள் என்ற எண்ணத்தையாவது விட்டுவிடலாம். சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையைக் கணக்கில் எடுக்கிறது. குணமாகாத நோயுள்ள தெருநாய்களுக்குக்கூட தகுதியுள்ள மருத்துவர் மூலம் வலியில்லாத முடிவு என்று 2023-ம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன.

ஊசியில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். முதலில் மயக்க ஊசி. நாய் சில நிமிடங்களில் தூங்கிவிடும். அதன் பிறகு காலில் போட்ட டியூப் வழியாக அளவுக்கு மீறிய மயக்க மருந்து. ஓரிரு நிமிடங்களில் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண் திறந்தே இருக்கும். நின்ற பிறகும் ஒருமுறை பெருமூச்சு வரலாம், சிறுநீர் போகலாம். அது அனிச்சைச் செயல், நாய்க்கு ஒன்றும் தெரியாது. டாக்டரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: முழு மயக்கத்துக்குப் பிறகுதான் அடுத்த மருந்து என்று. மயக்கம் இல்லாமல் மெக்னீசியம் சல்பேட் மட்டும் ஏற்றுவது கொடுமை, அதற்குச் சம்மதிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து செய்யும் டாக்டர்கள் இருக்கிறார்கள். கிடைத்தால் அதுவே மேல். கூடவே இருங்கள். பார்க்க முடியாது என்று வெளியே போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மயக்கம் வரும் வரைக்குமாவது அதற்குத் தெரிந்த ஒரு கை அதன் மேல் இருக்க வேண்டும்.

எப்போது என்ற கோடு

வீட்டு வழியும் ஊசியும் எதிரெதிர் வழிகள் கிடையாது. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பதுதான் கஷ்டம். அந்தக் கோட்டை நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே போட்டுவிட வேண்டும். நெருக்கடியின் நடுவில், அழுகையோடு, யாரும் தெளிவாக யோசிக்க முடியாது.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதற்கு ஓர் அளவுகோல் உருவாக்கியிருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். வாரம் ஒருமுறை வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டு, பிறகு சேர்த்துப் பாருங்கள். மகன் 45 போட்ட அதே வாரத்தில் கூடவே இருக்கும் அம்மா 28 போட்டிருப்பார், அப்போது அம்மா சொல்வதைக் கேளுங்கள். அதோடு உங்கள் நாய்க்கே உரிய இரண்டு மூன்று விஷயங்களையும் எழுதி வைக்கலாம். பிரவுனிக்கு நாங்கள் எழுதியது: கேட் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குமா, அம்மா கையால் கொடுக்கும் தயிர்சோற்றை வாங்குமா, தானாக எழுந்து வெளியே போகுமா. மருந்துக்குப் பிறகும் மூன்றில் இரண்டு தொடர்ந்து சில நாள் இல்லாமல் போனால் டாக்டரைக் கூப்பிடுவது என்று பேசி வைத்தோம். அப்படித்தான் செய்தோம்.

தயிர்சோறு சிறுநீரகத்துக்கு நல்லதா என்று கேட்டால், மூன்றாம் கட்டத்தில் அளவோடு என்பேன். கடைசிக் கட்டத்தில் தாராளமாகக் கொடுங்கள். பட்டினியாகக் கிடப்பதைவிட பிடித்ததை நான்கு வாய் சாப்பிடுவது மேல் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் நாய் தூங்கப் போய்விட்டது என்று சொல்லாதீர்கள், அன்று ராத்திரி தூங்கவே பயப்படுவார்கள். உடம்பு சரியாகாது என்று ஆகிவிட்டது, வலிக்காமல் இருக்க டாக்டர் உதவினார், இறந்துவிட்டது என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் உடலை முகர்ந்து பார்க்க விடுங்கள். ஊசி மருந்து உடலில் தங்கியிருக்கும் என்பதால் வேறு பிராணிகள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். நகரத்தில் இடம் இல்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்திலோ விலங்கு நல அமைப்பிலோ தகன வசதியை முன்பே விசாரித்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் யாருக்கும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கும் தெம்பு இருக்காது. பிரிக்காத டிரிப் பாட்டில்களையும் மீதி உணவையும் அதே டாக்டரிடம் கொடுத்துவிட்டால், அடுத்து வரும் யாராவது ஒருவருக்கு ஆகும்.